சதுர அடிக்கு எவ்வளவு?

கேள்வி: கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தவன் நான். வீடுகளிலும் சிறு உணவகங்களிலும் உள்சுவர் ஓவியங்கள் வரைந்துவருகிறேன். இப்போது கடலூரில் ஒரு தனியார் பள்ளி, சாலையைப் பார்த்த வெளிச்சுவரில் 40 அடி நீளம், 15 அடி உயரத்துக்குப் படம் கேட்கிறது. சதுர அடிக்கு 80 ரூபாய், பெயின்ட் அவர்களே வாங்கித் தருவார்களாம். நவம்பரில் தொடங்கி, ஜனவரி கடைசியில் வரும் ஆண்டு விழாவுக்குள் முடிக்க வேண்டும். ஒத்துக்கொள்ளலாமா? எழுத்தில் ஏதாவது வாங்க வேண்டுமா?
– ஒரு வாசகர், சிதம்பரம்

பதில்: 80 ரூபாயை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். முதலில் பஸ் ஏறிப் போய் அந்தச் சுவரைப் பாருங்கள். மழை பெய்த மறுநாள் போனால் இன்னும் நல்லது. அடிப்பகுதியில் உப்பு பூத்திருக்கிறதா, மாடித் தண்ணீர்க் குழாய் எங்கே இறங்குகிறது, சுவருக்கு அந்தப் பக்கம் கழிவறையா, தண்ணீர்த் தொட்டியா என்று கேளுங்கள். உள்ளங்கையால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். வெள்ளை மாவு ஒட்டினால் அடியில் பழைய சுண்ணாம்போ சிமென்ட் பெயின்ட்டோ இருக்கிறது. அதைச் சுரண்டி எடுக்காமல் மேலே என்ன அடித்தாலும் அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்து வரும். சந்தேகமான இடத்தில் ஒரு பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பிரியுங்கள். உட்பக்கம் வியர்த்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. புதிதாகப் பூசிய சுவர் என்றால் குறைந்தது 28 நாள் விடுங்கள், அதன் காரம் பெயின்ட்டைத் தின்றுவிடும்.

கசிவை அடைப்பதும் பட்டி பார்ப்பதும் பிரைமர் அடிப்பதும் பள்ளியின் பொறுப்பு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கொத்தனார் செய்த தவறுக்கும் ஊர் உங்களைத்தான் பேசும்.

கடலூர் மண்ணில், கடற்காற்றில், எந்தச் சுவரும் கீழிருந்துதான் கெடும். அதனால் தரையிலிருந்து ஒன்றரை அடி வரை படமே வேண்டாம். அடர்நிறத்தில் வெறும் பட்டையாக விடுங்கள். சேற்றுத் தெறிப்பு, வெற்றிலை எச்சில், உப்பு எல்லாம் அதோடு நின்றுவிடும். ஆண்டுக்கு ஒருமுறை பள்ளி வாட்ச்மேனே அந்தப் பட்டைக்கு மட்டும் பெயின்ட் அடித்துக்கொள்ளலாம். உங்கள் ஓவியத்தில் யாரும் கைவைக்க வேண்டியதில்லை.

பெயின்ட் அவர்கள் வாங்கித் தருவது எனக்குப் பிடிக்கவில்லை. கடைக்காரரிடம் மிச்சமிருக்கும் உள்சுவர் எமல்ஷனும் நிறம் சேர்க்கும் நான்கு ஸ்டெயினர் பாட்டிலும்தான் பெரும்பாலும் வந்து சேரும். வெள்ளையில் ஸ்டெயினரை ஊற்றி ஊற்றி அடர்சிவப்பு கொண்டுவர முடியாது; கொண்டுவந்தாலும் வெயிலில் வெளுக்கும், கையில் ஒட்டும். வெளிச்சுவருக்கான அக்ரிலிக் எமல்ஷன், கடை மெஷினில் கலந்த நிறங்கள் என்று கம்பெனி, ரகம், நிறத்தின் எண் வரை நீங்களே பட்டியல் எழுதிக் கொடுங்கள். பில் அவர்கள் பெயரில் இருக்கட்டும். காவி, மஞ்சள்காவி போன்ற இரும்பு ஆக்சைடு நிறங்கள் பல ஆண்டு நிற்கும். பளிச்சென்ற ரோஸ், ஊதா எல்லாம் மேற்கு வெயிலில் முதலில் போகும். சுவர் மேற்குப் பார்த்தது என்றால் அவற்றை முகங்களில் வைக்காதீர்கள்.

இனி கூலி. 600 சதுர அடிக்கு 80 ரூபாய் என்றால் 48,000. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சாரம் கட்ட, பிரிக்க, வாடகைக்கு 8,000, உதவியாளுக்கு நாளைக்கு 800 வீதம் 15 நாளுக்கு 12,000, போக்குவரத்து, சாப்பாடு, தங்கல் 5,000 என்று வையுங்கள். மிச்சம் 23,000. சுவரில் 15 நாள், மாதிரி வரைய, திருத்த, தாளாளர் அறை வாசலில் காத்திருக்க இன்னும் ஏழு நாள். நாளொன்றுக்கு ஆயிரத்துச் சொச்சம். இவை என் உத்தேசக் கணக்கு. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். கடைசியில் நிற்கும் நாள்கூலி, அதே சுவருக்கு ஒற்றை நிறம் அடிக்கும் பெயின்டரின் கூலியை ஒட்டி நின்றால் அந்த வேலையை எடுக்காதீர்கள். சதுர அடி என்பது வெள்ளையடிக்கும் கணக்கு. வெறும் வானமும் ஒரு சதுர அடிதான், நாற்பது குழந்தைகளின் முகங்களும் ஒரு சதுர அடிதான். எனவே மாதிரி ஓவியத்துக்குத் தனித்தொகை, சுவர் வேலைக்கு மொத்தத்தொகை, சாரம் அவர்கள் செலவு என்று பேசுங்கள். சாரத்துக்கு அருகில் மின்கம்பி போகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். 15 அடி உயரத்தில் இடுப்புப் பெல்ட் இல்லாமல் ஏற வேண்டாம்.

எழுத்தில் வாங்கத்தான் வேண்டும். ஒரு பக்கம் போதும். பாதி முன்பணம், கோட்டுருவம் சுவரில் ஏறியதும் கால்பங்கு, முடிந்த அன்று மீதி. மாதிரியில் இரண்டு முறை திருத்தம் இலவசம், அதற்கு மேல் கட்டணம். ஒப்புதலான மாதிரியிலேயே தாளாளர் கையெழுத்து. இல்லாவிட்டால் சாரம் பிரிக்கும் நாளில் “நிறுவனர் படத்தையும் ஒரு ஓரமா போட்டுடுங்க தம்பி” என்பார்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, மாறாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். பள்ளி அதை டைரியிலும் விளம்பரத்திலும் போட்டுக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் தாளில் எழுதியாக வேண்டும். 57-ஆம் பிரிவு தரும் தார்மீக உரிமை மட்டும், அதாவது வரைந்தவர் நான் என்று சொல்லிக்கொள்ளவும் படைப்பைச் சிதைத்தால் எதிர்க்கவும் உள்ள உரிமை, உங்களோடு இருக்கும். டெல்லியில் மத்திய அரசின் மாநாட்டு மண்டபமான விஞ்ஞான் பவனிலிருந்த, சிற்பி அமர்நாத் சேகலின் வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979-ல் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள். 1992-ல் அவர் வழக்குப் போட்டார்; மிஞ்சிய பாகங்களோடு 5 லட்சம் ரூபாயும் கொடுக்கச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2005-ல். அத்தனை காலம் காத்திருக்க உங்களுக்கு வசதிப்படாது. ஓரத்தில் உங்கள் பெயர், படமெடுத்து வெளியிடும் உரிமை, வெள்ளையடிக்கும் முன் உங்களுக்குத் தகவல் – இந்த மூன்றையும் அந்தத் தாளிலேயே சேர்த்துவிடுங்கள்.

நவம்பர் கூடவே கூடாது. வடகிழக்குப் பருவமழை கடலூரைத் தேடி வரும் மாதம் அது. காயாத எமல்ஷன் மேல் ஒரு மழை அடித்தால் போதும். விழாத் தேதி மாறாது என்றால், சிறிய படம், குறைந்த நிறங்கள், பொங்கலுக்கு அப்புறம் பத்தே நாள் வேலை என்று திருத்திய திட்டம் கொடுங்கள். மழை நாட்களில் மாதிரியை முடித்துக் கையெழுத்தும் முன்பணமும் வாங்கிவிடலாம்.