ஃபைஃபோ ஆழத்தை ஏஜென்ட் தவறாகச் சொல்வது ஏன்

வெரிலாக் (சிப் வடிவமைப்பை எழுதும் மொழி) கோப்புகளை எல்லாம் கொடுத்தும் ஏஐ ஏஜென்ட் ஃபைஃபோவின் (வந்த வரிசையிலேயே தரவை வெளியே விடும் நினைவகம்) ஆழம், அதாவது கொள்ளளவு, 16 என்கிறது, உண்மையில் 64 என்று எழுதியிருந்தீர்கள். மாடலை மாற்றிப் பயனில்லை. 16 என்பது ஃபைஃபோ மாட்யூலுக்குள் (வடிவமைப்பின் ஒரு பகுதி) இருக்கும் டீஃபால்ட். 64, மேல்மட்டத்தில் அந்த மாட்யூலை இன்ஸ்டன்ஸ் போடும், அதாவது எடுத்துப் பயன்படுத்தும், இடத்தில் பாராமீட்டராகப் போகிறது. நடுவில் ஜெனரேட் லூப் (பிரதிகளை உருவாக்கும் லூப்) வேறு இருந்தால் கிரெப் (கோப்புகளில் சொல் தேடும் கருவி) கைகொடுக்காது. டாப் மாட்யூலிலிருந்து அந்த ஃபைஃபோ வரையிலான முழுப் பாதை மூலக் கோப்பில் எங்குமே எழுதப்பட்டிருக்காது.

ஏஜென்ட்டுக்கு எலாபரேட் செய்த மரத்தைக் காட்டுங்கள், அதாவது பாராமீட்டர், லூப் எல்லாவற்றையும் விரித்த பிறகு எந்த மாட்யூலுக்குள் எது இருக்கிறது என்ற அமைப்பை. சாதாரண வெரிலாக்குக்கு யோசிஸ் என்ற இலவசக் கருவி போதும்: டாப்பைச் சொல்லி ஹைரார்க்கி கட்டளை, அப்புறம் ப்ராக் கட்டளை, கடைசியில் ஜேசன் கோப்பாக எழுதி வாங்குங்கள். எல்லா மட்டங்களையும் ஒன்றாக்கும் ஃபிளாட்டன் கட்டளை மட்டும் வேண்டாம், மரமே போய்விடும். வெரிலாக்கின் விரிவான சிஸ்டம்வெரிலாக்கில் இன்டர்ஃபேஸ் (சிக்னல்களின் தொகுப்பு) நிறைய இருந்தால் ஸ்லாங் என்ற கருவி நல்லது, பைத்தானிலிருந்தே கூப்பிடலாம்.

சரி, அந்த ஜேசனை அப்படியே ஏஜென்ட்டின் தலையில் கொட்டிவிடாதீர்கள். இணைப்புகள் அதில் வெறும் பிட் எண்கள். படித்துக் குழம்பத்தான் செய்யும். மேலே ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, நாலே கேள்விக்கு வழி விடுங்கள்: இந்தப் பாதைக்கு நேர் கீழே என்னென்ன இருக்கின்றன, பாராமீட்டர் மதிப்பு என்ன, இந்த போர்ட்டை (மாட்யூலின் இணைப்பு முனை) எது டிரைவ் செய்கிறது, எந்தக் கோப்பில் எந்த வரி. ஒரு தடவைக்கு ஒரு மட்டம் போதும். ஒரே மாட்யூல் நூறு தடவை வந்தால் பெயரையும் எண்ணிக்கையையும் மட்டும் திருப்பிக் கொடுங்கள்.

இன்னொன்று: பாராமீட்டர் மாற்றிய மாட்யூல்களுக்கு யோசிஸ் 'பாராமாட்' என்று தொடங்கும் புதுப் பெயர் வைக்கும், மதிப்பு நீளமானால் அதற்குப் பதிலாகப் பெயரில் ஹாஷ்தான் (படித்துப் புரியாத ஒரு குறியீடு) இருக்கும். ஸ்கிரிப்ட்டிலேயே அதை அசல் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.