ஸ்பிரிங் தகடா, கட்டடக் கம்பியா? கத்திக்கு இரும்பு தெரிவுசெய்யும் முறை

கேள்வி: கட்டடக் கம்பியைத் தட்டிச் செய்த கத்தி, சிரட்டையில் பட்டாலே வாய் (வெட்டும் விளிம்பு) மடங்குகிறது. லொறி ஸ்பிரிங் தகட்டில் செய்தது, காய்ச்சித் தண்ணீரில் தோய்த்ததும் ‘டிக்’ என்று வெடித்துவிட்டது. எந்தப் பழைய இரும்பை வாங்குவது? (கிளிநொச்சி வாசகர்)

பதில்: இரண்டும் வேறு வேறு பிழைகள். கம்பியில் கரிமம் (காபன்) பெரும்பாலும் 0.2 – 0.3 வீதம்தான். அதை எத்தனை தரம் தோய்த்தாலும் கத்திக்கு வேண்டிய உரம் ஏறாது. ஸ்பிரிங் தகட்டில் 0.5 – 0.6 வீதம் கரிமம் உண்டு, பெரும்பாலும் குரோமியமும் சேர்ந்திருக்கும். அது எண்ணெயில் தோய்க்க வேண்டிய இரும்பு. தண்ணீர் அளவுக்கு மீறிய வேகத்தில் குளிர்விப்பதால் வெடிக்கிறது.

வாகனம் திருத்தும் கராஜில் கழற்றிப்போட்ட ஸ்பிரிங் தகடுதான் எங்கள் முதல் தெரிவு. மெல்லிய சமையல் கத்திக்குத் தச்சரின் பழைய கைவாள் தகடு நல்லது. நல்ல அரத்தில் 1 வீதத்துக்கு மேலும் கரிமம் இருக்கும், ஆனால் மலிவான சிலவற்றில் மேல்தோல் மட்டுமே உரம். நாகம் (துத்தநாகம்) பூசிய குழாய், தகடுகளை உலையில் வைக்காதீர்கள், அந்தப் புகை நஞ்சு. மூடிய ஷொக் அப்சோபரைச் சூடாக்கினால் வெடிக்கும்.

வன்னியில் இன்னொன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும். காணி துப்புரவாக்கும்போது மண்ணுக்குள்ளிருந்து வந்த இரும்பை, அது வெறும் துண்டாகத் தெரிந்தாலும், தொடாதீர்கள்; போர்க்காலத்து வெடிபொருளாக இருக்கலாம். பழைய இரும்புக் கடையிலும் ‘எதிலிருந்து கழற்றியது?’ என்று கேட்டு, பதில் தெளிவில்லையென்றால் விட்டுவிடுங்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் வந்த வழியே விலகி, பொலிஸ் அவசர இலக்கமான 119க்கு அறிவியுங்கள்.

வாங்கிய தகட்டை முதலில் மண்ணெண்ணெயால் நனைத்து, நன்றாகத் துடைத்து, வெண்கட்டி பூசுங்கள். வெடிப்பு இருந்தால் சற்று நேரத்தில் கறுப்புக் கோடாக எண்ணெய் கசியும். நடு போல்ட் துளையைச் சுற்றி இது அதிகம், அந்தப் பகுதியை வெட்டி எறியுங்கள்.

அடுத்தது முறிவுச் சோதனை. கத்தி செய்ய முன் இதைச் செய்யாமல் விடவே கூடாது. ஓரத்தில் விரலகலத் துண்டொன்றை வெட்டி, 2 மில்லிமீற்றர் தடிப்புக்குத் தேயுங்கள். சிரட்டைக்கரி உலையில் காந்தம் ஒட்டாத சூடு வரும்வரை (ஏறக்குறைய 770 பாகை) காய்ச்சி, இன்னும் சற்றுச் சிவக்கவிட்டு, எண்ணெயில் தோயுங்கள். குறட்டில் பிடித்துச் சுத்தியலால் தட்டுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு. வளைந்தால் கத்திக்கு உதவாது. படக்கென்று முறிந்தால் முறிந்த முகத்தைப் பாருங்கள்: சாம்பல் நிறத்தில் பட்டுப்போல் நைசாக இருந்தால் சூடு சரி, சீனி போட்டதுபோல் மினுங்கினால் அதிகம் காய்ச்சிவிட்டீர்கள். பல கத்திகள் கெடுவது இரும்பாலல்ல, இந்தச் சீனிமணியால்தான்.

கத்தியைத் தேய்க்கும்போது வாயை 1.5 மில்லிமீற்றருக்குக் கீழே குறைக்காதீர்கள், தோய்ச்சலில் நெளியும். எண்ணெய் 50 – 60 பாகை இளஞ்சூட்டில் இருக்கட்டும், 4 லீற்றர் போதும். தேங்காய் எண்ணெய் நல்லது, பழைய எஞ்சின் ஒயிலின் புகை கெடுதல். நுனி கீழாக நேரே இறக்கி, வாய்ப் பக்கமாக முன்பின் அசையுங்கள். பக்கவாட்டில் அசைத்தால் கோணும். தீப்பிடித்தால் மூட இரும்பு மூடியொன்று பக்கத்தில் வேண்டும்.

தோய்த்த கத்தி கண்ணாடிபோல் நொறுங்கும், அன்றைக்கே பதப்படுத்துங்கள், அதாவது மிதமாகச் சூடாக்கி நொறுங்கும் தன்மையைக் குறையுங்கள். சூடடுப்பு இருந்தால் 200 பாகையில் ஒரு மணித்தியாலம், இரண்டு தரம். இல்லாவிட்டால் மினுங்கத் தேய்த்து, செந்தணலான தடித்த இரும்பின்மேல் கத்தியின் முதுகை வையுங்கள். வாயில் வைக்கோல் நிறம் வந்ததும் எடுத்தால் சமையல் கத்தி, ஊதாவரை விட்டால் காட்டுக்கத்தி. பிறகு கிரைண்டரில் தீட்டும்போது வாய் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் உரம் போய்விடும், அடிக்கடி தண்ணீரில் நனையுங்கள்.

கடைசியில் வாயைப் பித்தளைக் கம்பிமேல் சாய்த்து மெல்ல அழுத்திப் பாருங்கள். வளைந்து திரும்பினால் சரி. பொடிந்தால் இன்னும் 20 பாகை கூட்டி ஒருமுறை பதப்படுத்துங்கள். வளைந்தபடியே நின்றால் மறுபடி காய்ச்சித் தோய்க்க வேண்டும்.