முதியோர் பட்டியல் ஸ்டேஷனில் இருக்கட்டும், வாட்ஸ்அப்பில் வேண்டாம்

கேள்வி: எங்கள் தெருவில் 38 வீடுகள். 11 வீடுகளில் வயதானவர்கள் மட்டும்தான். பிள்ளைகள் பெங்களூரிலும் வெளிநாட்டிலும். போலீசாரை அழைத்துக் கூட்டம் போட்டோம். டீ, சால்வை, போட்டோவோடு முடிந்துவிட்டது. நிலைத்து நடக்க என்ன வழி? – சேலம் வாசகர்

பதில்: கூட்டத்தில் ‘ரோந்தை அதிகப்படுத்துங்கள்’ என்று கேட்டிருப்பீர்கள். எல்லாத் தெருக்காரர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். அதனால்தான் யாருக்கும் கிடைப்பதில்லை. நடந்ததா இல்லையா என்று கணக்குப் பார்க்கக்கூடிய சின்ன வேலையாகக் கேளுங்கள்.

அதற்குச் சட்டத்திலேயே பிடி இருக்கிறது. 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்துக்குத் தமிழ்நாடு 2009-இல் விதிகள் வகுத்தது. தனியாக வசிக்கும் முதியோர் பட்டியலை ஸ்டேஷனில் வைத்திருப்பது, மாதம் ஒருமுறையாவது நேரில் போய்ப் பார்ப்பது, முதியோர் கேட்டால் வீட்டு வேலையாட்களின் பின்னணியை விசாரிப்பது எல்லாம் காவல் நிலையத்தின் கடமை. இந்த மூன்றை மட்டும் ஒரே பக்கத்தில் எழுதி இன்ஸ்பெக்டரிடம் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். தெருவில் ஒரு வீட்டில் கையெழுத்து நோட்டு இருக்கட்டும். ரோந்து வருகிற பீட் காவலர் தேதி, நேரம் போட்டுக் கையெழுத்திடட்டும். இந்த மாதிரி ஏற்பாடுகள் பெரும்பாலும் படுத்துவிடுவது இன்ஸ்பெக்டர் மாறும்போதுதான். புதியவர் வந்த முதல் வாரமே அந்த நகலோடும் நோட்டோடும் போய்ப் பாருங்கள். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் காவலரான ரைட்டருக்கு உங்கள் தெரு பழக்கமாக இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பட்டியலில் கதவு எண், பெயர், வயது, போன் எண், பக்கத்து வீட்டு எண், பிள்ளைகளின் எண் போதும். ‘காது மந்தம், கதவு திறக்க நேரமாகும்’ போன்ற குறிப்பு உதவும். நகை, வங்கி, மாற்றுச் சாவி இருக்கும் இடம், ஊருக்குப் போகும் தேதி எதுவும் அதில் வேண்டாம். ஒரு பிரதி ஸ்டேஷனுக்கு, ஒன்று தெருவில் பொறுப்பானவரிடம். தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டோ எடுத்துப் போடவே கூடாது. யார் தனியாக இருக்கிறார் என்ற பட்டியல்தான் திருடனுக்கு முதலில் தேவை. வீடு காலி செய்துபோன பிறகும் குழுவில் இருப்பவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

அன்றாடக் கண்காணிப்பு போலீஸ் வேலையல்ல, அது உங்களுடையது. 11 வீடுகளுக்கும் ஆளுக்கொரு ஜோடி வீடு குறியுங்கள். காலை எட்டு மணிக்கும் ஆவின் பாக்கெட் கேட்டிலேயே தொங்கினால் ஜோடி வீட்டுக்காரர் போன் செய்ய வேண்டும், எடுக்காவிட்டால் கதவைத் தட்ட வேண்டும், அதற்கும் பதில் இல்லையென்றால் அவசர உதவி எண் 112. ஆள் வீட்டில் இல்லை என்று காட்டிக்கொடுப்பதும் அதே பாக்கெட்தான்.

பகலில் வாசலுக்கு வருகிற ஏமாற்று ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு பேர் வருவார்கள். முதலில் பித்தளை விளக்கை, அப்புறம் கொலுசை இலவசமாகப் பளபளப்பாக்கிக் காட்டுவார்கள். வீட்டுக்கு வீடு கொலுசுப் பட்டறை பார்த்த ஊர் நம்முடையது, பாலிஷ் என்றால் யாருக்கும் சந்தேகம் வராது. பிறகு கழுத்துச் செயினைக் கரைசலில் முக்குவார்கள். அதில் ராஜதிராவகம் என்ற அமிலக் கலவை இருந்தால் தங்கம் கரைந்து அவர்களோடு போய்விடும். மிச்சத்தை மஞ்சள்தூளோடு டப்பாவில் போட்டு, ‘அடுப்பில் வைத்துக் கொஞ்ச நேரம் கழித்துத் திறங்கள்’ என்பார்கள். அந்தக் கொஞ்ச நேரம் அவர்கள் தெருவைத் தாண்டுவதற்கு. கம்பிக் கதவைத் திறக்காமலே ‘வேண்டாம்’ என்று சொல்வதுதான் ஒரே வழி.

போனில் வருவது இதைவிடப் பெரிய இழப்பு. போலீஸ் மாதிரி வீடியோ காலில் வந்து, ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ செய்திருக்கிறோம் என்று மிரட்டிப் பணம் கேட்பார்கள். அப்படியொன்று இந்தியச் சட்டத்தில் கிடையாது. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930, கூடவே வங்கிக்கும் தகவல். பரிவர்த்தனை எண்ணும் நேரமும் கையில் இருக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2017-இல் கொண்டுவந்த விதிப்படி, ஓ.டி.பி.யை நாமே சொல்லியிருந்தால் வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போனது நம் தலையில். தெரிவித்த பிறகு போனால் வங்கி பொறுப்பு. பிள்ளைகள் திட்டுவார்களே என்று மூடி மறைக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விலை இருக்கிறது.

‘சாட்சி என்று ஸ்டேஷனுக்கு அலையவிடுவார்களே’ என்று வாய் திறக்காமல் இருப்பவர்கள் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 179-ஆவது பிரிவின்படி, 60 வயது தாண்டிய ஆண்களையும் எந்த வயதுப் பெண்களையும் சாட்சி விசாரணைக்கென்று ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். இதை அடுத்த கூட்டத்தில் போலீஸ்காரர் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

ஏற்காட்டில் உள்ளவர்களுக்கு: மாநகர ஸ்டேஷன்கள் கமிஷனரின் கீழ், ஏற்காடு மாவட்ட எஸ்.பி.யின் கீழ், மனு அங்கே போக வேண்டும். எஸ்டேட் வீடுகள் தள்ளித் தள்ளி இருப்பதால் ஜோடி வீடு சரிப்படாது. இரவு ஏழு மணிக்கு ஒரு மிஸ்டு கால் முறை வைத்துக்கொள்ளலாம். சிக்னல் கிடைக்கிற இடத்தை முன்கூட்டியே பார்த்து வையுங்கள். கொண்டை ஊசி வளைவுச் சாலை, குப்பனூர்ச் சாலை என இறங்க முக்கிய வழி இரண்டுதான். போலீசுக்குச் சீக்கிரம் சொன்னால் திருடனை அடிவாரத்திலேயே மடக்க வாய்ப்பு உண்டு.

நோட்டில் இரண்டு மாதம் கையெழுத்து விழவில்லையா? நகரில் உதவி கமிஷனருக்கும், மலையில் டி.எஸ்.பி.க்கும் அந்தப் பக்கத்தின் ஜெராக்ஸை இணைத்து நாலு வரி எழுதுங்கள்.