கூட்டத்துக்குத் தடை போட்டாலே பாசிசமா?

திருவாரூரில் விவசாயிகள் கூட்டத்துக்கு 144 தடை உத்தரவு போட்டால் அது பாசிசம்தானே என்று கேட்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம். 144 (புதிய சட்டத்தில் இப்போது பிரிவு 163) வெள்ளைக்காரன் போட்ட சட்டம். இத்தாலியில் பாசிசத்தைத் தொடங்கிய முசோலினிக்கு முன்பே, 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டத் தொகுப்பிலேயே இருந்தது. பாசிசம் என்று சொல்லி நிறுத்திவிட்டால், நீதிமன்றத்தில் எதிர்க்கவேண்டிய அந்த உத்தரவு கண்ணில் படாமல் போகும்.

இத்தாலிக் கதை வேறு. 1920-21இல் வட இத்தாலியின் போ ஆற்றுப் படுகையில் பண்ணையார்கள் பணம் கொடுக்க, முசோலினியின் அடியாள் படையான கறுப்புச் சட்டைக்காரர்கள் கூலித் தொழிலாளர் சங்க அலுவலகங்களைக் கொளுத்தினார்கள். பிடித்தவர்களுக்கு விளக்கெண்ணெய் புகட்டினார்கள். போலீஸ் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. 1922இல் முசோலினி ஆட்சி, 1926இல் எதிர்க்கட்சிகளுக்கே தடை.

டெல்டாக்காரருக்கு உடனே 1968 கீழ்வெண்மணி நினைவுக்கு வரும். நியாயம்தான்: அங்கும் கூலித் தகராறு, அங்கும் தீ. ஆனால் 44 பேர் எரிந்ததில் சாதிக்கு இருந்த பங்கை இத்தாலிய அளவுகோல் அளக்காது. ஒப்பிடத்தான் வேண்டுமென்றால் தனியார் படை உண்டா, கட்சிகளுக்குத் தடையா, தேர்தல் நடக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.