டாக்டரிடம் எப்படிக் கேட்பது?

கேள்வி: என் கணவருக்கு வயது 32. சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் அறுவடை வேலை. எட்டு மாதத்துக்கு முன் குலை முதுகில் விழுந்து தண்டுவடம் அடிபட்டது. தொப்புளுக்குக் கீழே உணர்வில்லை. குழாய் விட்டுத்தான் சிறுநீர் எடுக்கிறோம். மலம் எப்போது வருமென்றே தெரியாது. கோயிலுக்குக்கூட வர மறுக்கிறார். "நீ அம்மா வீட்டுக்குப் போயிரு" என்கிறார். எங்களுக்குக் குழந்தை இல்லை. இதையெல்லாம் டாக்டரிடம் எப்படிக் கேட்பது?
– பெயர் வேண்டாம்

பதில்: தங்கச்சி, நான் 30 ஆண்டுகள் தாதியாக இருந்தவள். ஆரம்பத்தில் குழாய் விடச் சொல்லிக்கொடுத்துவிட்டு, தாம்பத்தியம் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் நகர்ந்துவிடுவேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. அதனால் வெளிப்படையாகவே சொல்கிறேன்.

சிறுநீர், மலம், தாம்பத்தியம் இந்த மூன்றுக்குமான முக்கிய நரம்புகள் தண்டுவடத்தின் அடிநுனியில் இருக்கின்றன. அவருக்கு அடிபட்டது அதற்கு மேலே. அநேகமாக நுனி வேலை செய்யும், மூளைக்குத்தான் சேதி போகாது. சிறுநீர்ப்பை நிறைவது தெரியாததால் கடிகாரத்தைப் பார்த்துத்தான் சிறுநீர் எடுக்க வேண்டும். பெரட்டுக்கு (தோட்டத்தில் காலை ஆளெடுப்புக்கு) நேரம் தவறாமல் போனவர்தானே? அதேபோல 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒரு தடவைக்கு 500 மில்லிக்கு மேல் வந்தால் இடைவெளியைக் குறையுங்கள். தேங்கினால் சிறுநீரகம் கெடும். காய்ச்சலோ குளிரோ வந்தால் அன்றைக்கே கிளினிக்.

மலத்துக்கும் நேரம் வையுங்கள். சாப்பிட்டு 20, 30 நிமிடத்தில் குடல் தானாக அசையும். அப்போது கொமோட் நாற்காலியில் உட்காரவைத்து, கையுறை போட்ட விரலில் ஜெல் தடவி ஆசனவாயின் உள்ளே மெல்லச் சுழற்றினால் இறங்கும். முதலில் தாதியிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். பழக்கத்துக்கு வரச் சில வாரம் ஆகும். அப்புறம் கோயிலுக்குத் தைரியமாக வருவார்.

(நடு மார்பு மட்டத்திலோ அதற்கு மேலேயோ தண்டுவடம் அடிபட்டவர்கள் கவனிக்க: சிறுநீர்ப்பை நிறைந்தாலே திடீர்த் தலைவலி, வியர்வை, கடும் ரத்த அழுத்தம் வரலாம். நிமிர்த்தி உட்காரவைத்து, குழாய் அடைத்திருக்கிறதா பாருங்கள். தணியாவிட்டால் அவசர எண் 999.)

சரி, தாம்பத்தியம். தொடுதலால் விறைப்பு வரலாம். அது நீடிக்காவிட்டால் சில்டெனாஃபில் மாத்திரை பலருக்கு உதவுகிறது. நெஞ்சுவலிக்கான நைட்ரேட் மருந்தோடு சேர்ந்தால் ஆபத்து, கடையில் நீங்களாக வாங்காதீர்கள். விந்து வெளிவராமல் போவது சகஜம். மருத்துவமனையில் அதிர்வுக் கருவியாலோ வேறு முறையிலோ எடுத்துக் கருத்தரிக்க வைக்க முடியும்.

"அம்மா வீட்டுக்குப் போ" என்று பல கணவர்கள் சொல்லி என் காதால் கேட்டிருக்கிறேன். பயத்தில் வரும் பேச்சு அது. போகாதீர்கள். வேலையில் நடந்த விபத்து என்பதால் சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) மலாக்கா மறுவாழ்வு மையம் பற்றி விசாரியுங்கள். அடுத்த தவணைக்கு வேறு யாரையும் அனுப்பாமல் நீங்களே கூடப் போங்கள். வாய் வராவிட்டால், "நாங்கள் கணவன் மனைவியாக வாழ வேண்டும், பிள்ளை வேண்டும்" என்று ஒரு தாளில் மலாயில் எழுதி டாக்டர் கையில் கொடுங்கள்.