பெத்லகேமுக்கு முன்னால் அவர் குமாரனா?

கேள்வி: எங்கள் வீட்டில் வியாழக்கிழமைதோறும் வேதபாடம் நடக்கிறது. பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். பாடம் எடுப்பவர்களில் மூத்தவரான ஓர் அண்ணன், "இயேசு நித்திய தேவன்தான், ஆனால் மரியாளிடம் பிறந்தபோதுதான் குமாரன் ஆனார், அதற்கு முன் அவருக்கு வார்த்தை என்றுதான் பெயர்" என்கிறார். லூக்கா 1:35, சங்கீதம் 2:7 இரண்டையும் காட்டுகிறார். ஆராதனையில் நிசேயா விசுவாசப்பிரமாணம் சொல்லும்போது, எல்லா உலகங்களுக்கும் முன்னே பிதாவினாலே ஜெநிப்பிக்கப்பட்டவர் என்ற இடத்தில் மட்டும் பேசாமல் நிற்கிறார். சிலர் அவரைக் கள்ளப்போதகர் என்கிறார்கள். அவருக்கு என்ன பதில் சொல்வது? தொடர்ந்து பாடம் எடுக்க விடலாமா?

பதில்: சகோதரி, கள்ளப்போதகர் என்ற பேச்சை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். அதற்கு முன் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: பெத்லகேமுக்கு முன்னால் அவர் யாராக இருந்தார்?

"அப்போது அவர் இல்லவே இல்லை" அல்லது "தேவன் முதலில் படைத்தது அவரைத்தான்" என்று ஒருவர் சொன்னால், அது நான்காம் நூற்றாண்டில் அலெக்சந்திரியாவில் ஆரியுஸ் என்ற மூப்பர் சொன்னதுதான். "அவர் இல்லாதிருந்த காலம் ஒன்று உண்டு" என்ற அந்தப் போதனையை 325ல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் மறுத்தது. இன்று யெகோவாவின் சாட்சிகள் சொல்வது அதற்கு நெருங்கியது. "தேவன் ஒருவரே, பிதா, குமாரன் என்று இரு நபர்கள் இல்லை, குமாரன் என்பது அவர் எடுத்த மனுஷீகம் மட்டுமே" என்றால், அது ஒருத்துவ பெந்தெகொஸ்தே போதனை. உங்கள் அண்ணன் இந்த இரண்டையும் சொல்லவில்லை. அவர் நித்தியர், தேவன், பிதாவிலிருந்து வேறான நபர் என்பதையெல்லாம் ஏற்றுக்கொண்டு, குமாரன் என்ற உறவு மட்டும் பெத்லகேமில் ஆரம்பித்தது என்கிறார். இதுவும் தவறு என்பதே என் முடிவு. ஆனால் இது வேறு வகைத் தவறு, இதைச் சொன்னவர்களில் நல்ல பக்தர்களும் இருந்திருக்கிறார்கள்.

அவர்களில் முக்கியமானவர் ஆடம் கிளார்க். அயர்லாந்தில் பிறந்த மெதடிஸ்ட் பிரசங்கியார். இங்கிலாந்து மெதடிஸ்ட் மாநாட்டுக்கு மூன்று முறை தலைவராக இருந்தவர். முழு வேதாகமத்துக்கும் விளக்கவுரை எழுதினார். அதில் லூக்கா 1:35க்கு வந்தபோது, நித்திய குமாரத்துவம், அதாவது அவர் என்றென்றைக்கும் குமாரன் என்ற போதனை, வேதத்துக்கு விரோதமானது, ஆபத்தானது என்றே எழுதிவிட்டார். கிறிஸ்துவின் தெய்வத்துவத்தைக் குறைப்பது அவர் நோக்கமில்லை, காப்பாற்றுவதுதான் நோக்கம். மகன் என்றால் தகப்பனுக்குப் பிற்பட்டவன். பிற்பட்டவர் நித்தியராக இருக்க முடியாது. ஆகவே அவருடைய தெய்வத்துவத்தைக் காக்க வேண்டுமானால் குமாரன் என்ற பெயரை அவருடைய மனுஷீகத்துக்கு மட்டும் வைக்க வேண்டும் என்று நினைத்தார். அதே சபையைச் சேர்ந்த ரிச்சர்ட் வாட்சன் 1818ல் இதற்கு மறுப்பு எழுதினார். பின்னால் ஊழியத்துக்கு வருகிறவர்கள் நித்திய குமாரத்துவத்தை ஏற்கிறார்களா என்று அந்தச் சபை கேட்கவும் ஆரம்பித்தது.

கிளார்க்கின் வாதம் எங்கே இடறுகிறது? ஒரு வீட்டில் முதல் குழந்தை பிறக்கிறது என்று வையுங்கள். அப்பாவுக்கு முப்பது வயது, குழந்தைக்கு ஒரு நாள். அப்பா மூத்தவர்தான், சந்தேகமில்லை. ஆனால் எதில் மூத்தவர்? மனிதனாக மூத்தவர். தகப்பனாக அவருக்கும் வயது ஒரு நாள்தான். பிள்ளை வரும்வரை அவர் தகப்பன் இல்லை. அப்படியானால் மகன், தகப்பன் என்ற உறவுக்குள் முன்பின் கிடையாது, இரண்டும் ஒன்றாகவே வருகின்றன. மனிதன் தகப்பனாவதற்கு முன் வேறொன்றாக இருந்தான், அதனால்தான் அவனுக்கு அந்த முப்பது வருடம். தேவனுக்கு அப்படி ஒரு "முன்" உண்டா? பிதாவாக ஆகாமல் வெறும் தேவனாக இருந்த காலம் உண்டா? ஆரியுஸின் போதனையோடு போராடிய அலெக்சந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் திரும்பத் திரும்ப வந்து நின்ற இடம் இதுதான். பிதா என்றைக்கும் பிதா என்றால் குமாரனும் என்றைக்கும் குமாரன். அவர் காட்டிய உவமை ஒளியும் அதன் பிரகாசமும். எபிரெயர் 1:3 குமாரனை தேவனுடைய "மகிமையின் பிரகாசம்" என்கிறது. விளக்கு ஏற்றிய பிறகு வெளிச்சம் வர நேரம் எடுக்கிறதா என்ன?

இனி வசனங்கள். சங்கீதம் 2:7ல் "நீர் என்னுடைய குமாரன், இன்று நான் உம்மை ஜநிப்பித்தேன்" என்று இருக்கிறது. அந்த "இன்று" பெத்லகேம் என்று அண்ணன் நினைக்கிறார். புதிய ஏற்பாடு இதை எங்கே எடுத்தாளுகிறது என்று பாருங்கள். அப்போஸ்தலர் 13:33ல் பவுல் இயேசு எழுப்பப்பட்டதைப் பற்றிப் பேசும்போது சொல்கிறார். எபிரெயர் 1:5 அவர் தேவதூதர்களிலும் மேன்மையானவர் என்று காட்டவும், 5:5 அவர் பிரதான ஆசாரியராக ஏற்படுத்தப்பட்டதைக் காட்டவும் சொல்கின்றன. மாட்டுத்தொழுவத்தை யாரும் தொடவில்லை. மூல சங்கீதமும் சீயோனில் ராஜாவை அமர்த்துகிற சங்கீதம், பிறந்தநாள் பாட்டு அல்ல. ஆகவே அந்த வசனம் அண்ணனுக்குக் கை கொடுக்காது.

லூக்கா 1:35 அப்படி இல்லை. நேர்மையாகச் சொன்னால் அவர் பக்கத்தில் இருக்கிற பலமான வசனம் அதுதான். பரிசுத்த ஆவி உன்மேல் வரும், ஆதலால் பிறக்கும் பரிசுத்தமுள்ளது "தேவனுடைய குமாரன் என்னப்படும்" என்கிறான் தூதன். அந்த "ஆதலால்" காரணத்தைத்தான் சொல்கிறது. ஆனால் எதற்குக் காரணம்? மரியாளின் வயிற்றில் உருவாகும் அந்தக் குழந்தையை மனிதர் அப்படி அழைப்பதற்குக் காரணம். அதற்கு முன் அவர் குமாரன் இல்லை என்று வசனம் சொல்லவில்லை. யோவான் தன் நிருபத்தில் தேவனுடைய குமாரன் "வெளிப்பட்டார்" என்று எழுதுகிறான் (1 யோவான் 3:8). உள்ளே இருக்கிற ஒன்றுதானே வெளிப்படும்?

நம் பக்கத்தவர்களும் ஒரு இடத்தில் அவசரப்படுகிறார்கள். "தேவன் தம்முடைய குமாரனை அனுப்பினார்" (கலாத்தியர் 4:4) என்ற வசனத்தைக் காட்டி, அனுப்பும்போதே குமாரன், வழக்கு முடிந்தது என்கிறோம். அண்ணன் கெட்டிக்காரர் என்றால் உடனே திருப்பிக் கேட்பார்: "முதலமைச்சர் இந்த ஊரில்தான் பிறந்தார்" என்கிறோமே, பிறந்தபோதே முதலமைச்சரா? நியாயமான கேள்விதான். "இவரைக்கொண்டு உலகங்களையும் உண்டாக்கினார்" என்ற எபிரெயர் 1:2க்கும் அவர் இதையே சொல்லலாம். "ஒரேபேறான" என்ற சொல்லையும் மட்டுமீறி நம்ப வேண்டாம். அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள் பற்றி அறிஞர்களிடையே பேச்சு இருக்கிறது, நம் திருவிவிலியம் யோவான் 3:16ல் "ஒரே மகன்" என்றே போடுகிறது.

அந்த முதலமைச்சர் வாதம் செல்லாத இடங்கள் வேறே இருக்கின்றன. யோவான் 5:26ஐ எடுங்கள். பிதா தம்மில்தாமே ஜீவனுடையவராயிருக்கிறதுபோல குமாரனும் தம்மில்தாமே ஜீவனுடையவராயிருக்கும்படி அருளினார் என்கிறது. தம்மில்தாமே உள்ள ஜீவனை ஒரு குறிப்பிட்ட நாளில் பெற்றுக்கொள்ள முடியாது. அப்படிப் பெற்றால் அது தம்மில்தாமே உள்ள ஜீவன் ஆகாது. அது ஆரம்பமில்லாமல் அருளப்பட்ட ஜீவன். பிதாவிடமிருந்து ஆரம்பமில்லாமல் ஜீவனைப் பெற்றிருப்பதைத்தானே நித்திய ஜெநிப்பு என்று முன்னோர்கள் சொன்னார்கள்?

அப்புறம் யோவான் 17. சிலுவைக்கு முந்தின இரவு ஆண்டவர், "பிதாவே" என்று கூப்பிட்டு, உலகத்தோற்றத்துக்கு முன் நீர் என்னில் அன்பாயிருந்தீர் என்கிறார். அந்த அன்பு யாருக்கும் யாருக்கும் இடையில் இருந்தது? குமாரன் என்ற உறவு பெத்லகேமில் தொடங்கியது என்றால், உலகத்துக்கு முன் இருந்தவர்கள் பிதாவும் குமாரனும் அல்ல, இன்னும் பெயர் வைக்காத இருவர். பிதா, குமாரன் என்பது நம் இரட்சிப்புக்காக அவர்கள் பிறகு எடுத்துக்கொண்ட பொறுப்பு என்றாகிவிடும். "என்னைக் கண்டவன் பிதாவைக் கண்டான்" என்ற வார்த்தையை நம்பி வாழ்கிற நமக்கு அது சின்ன விஷயமா? இயேசுவின் முகத்தில் நாம் பார்க்கிற அந்த மகனின் கீழ்ப்படிதலும் பாசமும் தேவனுக்குள் என்றென்றைக்கும் இருப்பதா, முதல் நூற்றாண்டில் வந்து சேர்ந்ததா? என்னைப் பொறுத்தவரை இந்த விவாதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

சரி, அண்ணனை என்ன செய்வது? அமெரிக்கப் போதகர் ஜான் மக்கார்தர் 1983ல் வெளியிட்ட எபிரெயர் விளக்கவுரையில் கிட்டத்தட்ட உங்கள் அண்ணன் சொல்வதையே எழுதியிருந்தார். கடும் எதிர்ப்பு வந்தது, பல வருடம் தன் கருத்தைக் காத்தும் பேசினார். 1999ல்தான் அதைக் கைவிட்டுவிட்டதாக எழுத்திலேயே அறிவித்தார். பதினாறு வருடம்! இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 1929ல் இங்கிலாந்தின் பார்னெட்டில் நடந்த கூட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் இதே போதனையை முன்வைத்தபோது, அவர் தலைவராக இருந்த, மற்றச் சபைகளோடு ஐக்கியம் வைக்காத எக்ஸ்க்ளூசிவ் சகோதரர் சபைகள் பிளந்தன.

ஆகவே அவரை ஐக்கியத்தை விட்டு வெளியே அனுப்பாதீர்கள். உங்கள் சபை நிசேயாவை அறிக்கையிடுகிற சபை என்பதால், அந்த அறிக்கைக்கு மாறான ஒன்றை அவர் உங்கள் வீட்டில் பாடமாக எடுப்பது முறையில்லை. இதை ஆயரிடம் முதலில் சொல்லிவிட்டு, அவரோடு தனியாக உட்கார்ந்து பேசுங்கள். வாட்ஸாப் குழுவில் வேண்டாம். இந்தப் பொருளைத் தொடாமல் மற்றப் பாடங்களை அவர் எடுக்க ஒப்புக்கொண்டால், விடலாம் என்பேன். பேசும்போது யோவான் 17ஐ அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். 24ஆம் வசனத்தில் நிறுத்தி, அந்த அன்பு யாருக்கும் யாருக்கும் இடையில் இருந்தது என்று கேளுங்கள். பதிலுக்கு அவசரப்படுத்தாதீர்கள்.

விசுவாசப்பிரமாணத்தில் அந்த வரியில் அவர் பேசாமல் நிற்பதை யாரும் குத்திக்காட்ட வேண்டாம். நம்பாததை உதட்டால் சொல்ல மனம் வராமல்தான் நிற்கிறார். பக்கத்தில் நிற்கிற நீங்கள் அந்த வரியை அவர் காதில் விழும்படி தெளிவாகச் சொல்லுங்கள்.