30-ஆம் திருமண நாள், மத்தியதரைக் கடல், 18 மாத அவகாசம்: பணம் எப்போது வெளியே போக வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 58, மனைவிக்கு 55. அடுத்த ஆண்டு அக்டோபர் முதல் வாரத்தில் எங்கள் 30-ஆம் திருமண நாள் வருகிறது. கல்யாணமான புதிதிலிருந்தே மத்தியதரைக் கடலில் கப்பல் பயணம் போக வேண்டும் என்று பேசிப் பேசியே காலம் ஓடிவிட்டது. ரோமில் ஏறி நேப்பிள்ஸ், சாண்டோரினி, துருக்கியின் குஷாதாசி, மைக்கோனோஸ், ரோட்ஸ் வழியாக ஏதென்ஸில் இறங்கும் 7 இரவு க்ரூஸைப் பார்த்து வைத்திருக்கிறோம். விளம்பரத்தில் 'ஒருவருக்கு 799 யூரோ முதல்' என்று இருந்தது. ஏஜென்ட்டோ பால்கனி கேபின், துறைமுக வரி, விமானம், இரண்டு இரவு ஹோட்டல் சேர்த்து இருவருக்கும் 4,700 யூரோ என்கிறார். முழுவதும் இப்போதே கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடியாம். கையில் 3,200 யூரோ அளவுக்குச் சேமிப்பு இருக்கிறது. மாதம் 240 ஒதுக்க முடியும். மீதிக்கு ஓய்வுக்கால வைப்பு நிதியை உடைக்கலாமா, வட்டியில்லாத் தவணை எடுக்கலாமா? பானங்கள் பேக்கேஜ் தேவையா? எங்களுக்கு ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். நான் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறேன்.

பதில்: வைப்பு நிதியை உடைக்க வேண்டாம். தவணையும் வேண்டாம். உங்கள் சேமிப்பு வேகத்திலேயே இந்தப் பயணம் முடியும், பால்கனி கேபினோடு. ஆனால் இப்போதே முழுப் பணத்தையும் கட்டினால் அதே பயணம் சிக்கலாகிவிடும். உங்களுக்குப் பணம் போதும். அது எந்தத் தேதியில் வெளியே போகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

முதலில் மொத்தச் செலவு. ஏஜென்ட் சொன்ன 4,700-ஐ இப்படிப் பிரித்துக்கொள்கிறேன்: கேபின் 2,300, துறைமுக வரி 300, விமானம் 1,800, ஹோட்டல் 300. இதில் வராதவை நிறைய. பெரும்பாலான கப்பல்களில் டிப்ஸ் என்பது நீங்களாகக் கையில் கொடுப்பது அல்ல. நாள் கணக்கில் கேபின் பில்லில் ஏறிவிடும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 14 யூரோ என்று வைத்தால் இருவருக்கு 196. கிரேக்க அரசு 2025 ஜூலையிலிருந்து க்ரூஸ் பயணிகளிடம் தனி வரி வசூலிக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை சாண்டோரினிக்கும் மைக்கோனோஸுக்கும் தலா 20 யூரோ, மற்றத் துறைமுகங்களுக்கு 5. அக்டோபரில் இது 12, 3 என்று இறங்குகிறது. ஆக மூன்று தீவுகளுக்கும் ஒருவருக்கு 27, இருவருக்கு 54. இந்த வரியைச் சில நிறுவனங்கள் துறைமுக வரியிலேயே சேர்த்துவிடும், சில கேபின் பில்லில் ஏற்றும். எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

விசாவுக்கு 260 ஒதுக்குங்கள். ஷெங்கன் கட்டணம் ஒருவருக்கு 90 யூரோ. சேவை மையக் கட்டணமும் போட்டோவும் மிச்சம். இன்சூரன்ஸுக்கு 180, விமான நிலையம்-துறைமுகப் போக்குவரத்துக்கு 100, கரையில் சுற்றிப் பார்க்க 600, கப்பலில் பானம், வைஃபை போன்றவற்றுக்கு 350. எல்லாம் கூட்டினால் 6,440. அதன்மேல் 10 சதவீதம், அதாவது 640, கைகாவலாக வேண்டும். மொத்தம் 7,080. விளம்பரத்தை நம்பி இருவருக்கு 1,598 என்று மனக்கணக்குப் போட்டிருந்தால் நாலு மடங்குக்கு மேல் தப்பியிருக்கும்.

உங்களிடம் 3,200. மாதம் 240 வீதம் 18 மாதத்தில் 4,320. ஆக 7,520. செலவு போக 440 மிச்சம்.

இனி 10 சதவீதத் தள்ளுபடி. 470 யூரோ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விமான நிறுவனங்கள் பொதுவாகப் பயணத்துக்குச் சுமார் 11 மாதம் முன்புதான் டிக்கெட் விற்பனையைத் திறக்கின்றன. 18 மாதம் முன்பே ஏஜென்ட் உங்களிடம் கேட்கும் 1,800, இன்னும் விற்பனைக்கே வராத டிக்கெட்டுக்கான பணம். அதுவரை அந்தப் பணம் அவருடைய கல்லாவில் இருக்கும். அவர் கடையை மூடினால் கடன்காரர்கள் வரிசையில் நீங்களும் நிற்பீர்கள். வாடிக்கையாளர் பணத்தைத் தன் பணத்தோடு கலக்காமல் தனிப் பாதுகாப்புக் கணக்கில் (டிரஸ்ட் அக்கவுண்ட்) வைக்கிறாரா, அதற்கு உத்தரவாதப் பத்திரம் உண்டா என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கள். திருப்தியான பதில் வராவிட்டால் தள்ளுபடியை மறந்துவிடலாம். அதைவிடப் பெரிய காரணம், விசா கைக்கு வராத நிலையில் முழுத் தொகையும் மாட்டிக்கொள்வது. விசா மறுப்பைப் பெரும்பாலான பயண இன்சூரன்ஸ்கள் ஏற்பதில்லை.

'வட்டியில்லாத் தவணை' என்பதில் வட்டி செயலாக்கக் கட்டணம் என்ற பெயரில் வரும். 4,700-க்கு 12 தவணை, 4 சதவீதக் கட்டணம் என்றால் முதலிலேயே 188 போய்விடும். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதால் உண்மையான ஆண்டு வட்டி ஏழு சதவீதத்தைத் தாண்டும். பயணம் ரத்தானாலும் தவணை நிற்காது.

தேதிகளைப் பார்ப்போம். கப்பல் நிறுவனங்கள் ஜனவரி முதல் மார்ச் வரை சலுகைகளை அதிகம் அவிழ்த்துவிடும் காலம் உண்டு. பயணத்துக்கு ஏழெட்டு மாதம் முன்பு அது வருகிறது, உங்களுக்குத் தோதான நேரம். 10-ஆம் மாதத்தில் உங்களிடம் 5,600 இருக்கும். அப்போது கப்பலுக்கு மட்டும் முன்பணம் கட்டுங்கள். 20 சதவீதம் என்றால் 520. திருப்பித் தரப்படும் முன்பணமா என்று பார்த்து, சற்றுக் கட்டணம் கூடினாலும் அதையே எடுங்கள். பாக்கித் தொகைக்குக் கடைசி நாள் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 90 நாள் முன்பு. சில நிறுவனங்களில் 120 நாள். அக்டோபர் பயணத்துக்கு 90 நாள் என்றால் ஜூலை முதல் வாரம். அதன்பிறகு ரத்து செய்தால் பிடித்தம் படிப்படியாக ஏறி, கடைசியில் முழுத் தொகையும் போய்விடும்.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம், அதாவது ஏப்ரல் தொடக்கத்தில். முடிவு சாதாரணமாக 15 நாளில் வரும், சில விண்ணப்பங்களில் 45 நாள் வரை இழுக்கும். ஏப்ரல் கடைசிக்குள் கொடுத்துவிட்டால் எவ்வளவு இழுத்தாலும் ஜூன் நடுவில் முடிவு தெரிந்துவிடும். பாக்கித் தொகையை அதன்பிறகு கட்டுங்கள். 'கோடை முடியட்டும், ஆகஸ்ட்டில் பார்க்கலாம்' என்று இருப்பவர்கள்தான் முழுப் பணத்தையும் கட்டிவிட்டு விசாவுக்காகக் காத்திருப்பார்கள். விமான டிக்கெட்டையும் விசாவுக்குப் பிறகு வாங்குவது நல்லது. முன்பே வாங்கியாக வேண்டுமென்றால் ரத்து செய்யக்கூடிய டிக்கெட் மட்டும். ரோமுக்குப் போய் ஏதென்ஸிலிருந்து திரும்புவதால், இரண்டு ஒருவழி டிக்கெட்டாக எடுக்காமல் 'மல்ட்டி சிட்டி' என்ற பிரிவில் தேடுங்கள்; பல சமயம் கணிசமாகக் குறையும்.

விசாவில் இந்தப் பாதைக்கே உரிய இரண்டு பொறிகள் இருக்கின்றன. முதலில் நுழைவது இத்தாலி என்பதால் இத்தாலியத் தூதரகம் என்று நினைப்பீர்கள். ஆனால் அதிக நாள் தங்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். சாண்டோரினி, மைக்கோனோஸ், ரோட்ஸ், ஏதென்ஸ் என்று உங்கள் கணக்கில் கிரீஸ்தான் அதிகம். நாட்கள் சமமாக இருந்தால் மட்டுமே முதல் நுழைவு நாடு. இரண்டாவது, குஷாதாசி. துருக்கி ஷெங்கனில் இல்லை. அங்கே போய்விட்டு மைக்கோனோஸ் வருவது மறுநுழைவு. ஆகவே 'மல்ட்டிபிள் என்ட்ரி' கேட்டு, காரணமாகக் கப்பலின் பயணத் திட்டத்தை இணைத்துவிடுங்கள். துருக்கிக்கு உங்கள் பாஸ்போர்ட்டுக்கு என்ன விதி என்பதைக் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள். பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஷெங்கனைவிட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும்.

விசா அதிகாரி வங்கிக் கணக்கு அறிக்கையும் பார்ப்பார். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் திடீரென்று ஒரு பெரிய தொகை கணக்கில் விழுந்தால் அது கடன் வாங்கிக் காட்டும் பணம் போலத் தெரியும். மாதாமாதம் 240 ஒரே கணக்கில் ஒரே தேதியில் ஏறிவருவதைப் போல நல்ல சாட்சி வேறில்லை. அதற்காகவே இந்தச் சேமிப்புக்குத் தனிக் கணக்கு திறங்கள். 18 மாதப் பணத்துக்குப் பங்குச் சந்தை ஏற்ற இடமில்லை. சரிவு வந்தால் மீண்டு வரக் காத்திருக்க நேரம் இருக்காது. முன்பணத்துக்கும் விசாவுக்கும் உரியதைச் சேமிப்புக் கணக்கிலும், மீதியை ஜூனில் முதிரும் குறுகியகால வைப்பிலும் போடுங்கள்.

உங்கள் வருமானம் யூரோவில் இல்லையென்றால் மாற்று விகிதமும் ஒரு செலவுதான். எப்போது மலிவு என்று யூகிக்கப் போகாதீர்கள். முன்பணம், பாக்கித் தொகை, கைச்செலவு என்று மூன்று முறையாக மாற்றினால் ஏதோ ஒரு மோசமான நாளில் மொத்தமும் மாட்டாது. கரையில் கார்டு தேய்க்கும்போது 'உங்கள் நாட்டு நாணயத்தில் கட்டலாமா' என்று இயந்திரம் கேட்கும். வேண்டாம், எப்போதும் யூரோ. அந்தச் சேவையின் விகிதம் உங்கள் வங்கி தருவதைவிட மோசமாகத்தான் இருக்கும்.

கப்பல் கணக்குக்கு டெபிட் கார்டைக் கொடுக்காதீர்கள். செலவு ஆகும் முன்பே ஒரு தொகையைப் பிடித்துவைப்பார்கள். பயணம் முடிந்து பல நாள் கழித்தே அது விடுபடும். கிரெடிட் கார்டில் இது வரம்பை மட்டும் குறைக்கும், டெபிட் கார்டில் கையில் இருக்கும் காசையே முடக்கும். போனை, துறைமுகம் விட்டதும் ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். நடுக்கடலில் கப்பலின் செயற்கைக்கோள் நெட்வொர்க்கில் தானாக ஒட்டிக்கொள்ளும் போன், வீட்டுக்குப் போனதும் பில்லாக வரும்.

பானங்கள் பேக்கேஜ் உங்களுக்கு வேண்டாம். ஒருவருக்கு நாளைக்கு 45 யூரோ என்று வைத்தால் 7 நாளுக்கு இருவருக்கு 630. ஒரு கிளாஸ் 9 யூரோ என்றால் ஆளுக்கு ஐந்து கிளாஸ் குடித்தால்தான் காசு சரியாகும், அதுவும் தினமும். உங்கள் பயணத்தில் கடலில் கழியும் முழு நாள் ஒன்றுதான். மற்ற நாட்களில் பகல் முழுக்கக் கரையில் இருப்பீர்கள். பல நிறுவனங்களில் ஒரே கேபினில் இருக்கும் பெரியவர்கள் எல்லோரும் வாங்கியாக வேண்டும் என்ற விதியும் உண்டு. ரத்த அழுத்த மாத்திரையோடு தினமும் ஐந்து கிளாஸ் என்பதை டாக்டரும் ரசிக்கமாட்டார்.

துறைமுகம் நிறைந்த பாதையில் பால்கனி வீண் என்று சொல்பவர்கள் உண்டு. கணக்குப்படி சரிதான். முப்பது வருடம் காத்த பயணத்தில் சாண்டோரினி எரிமலைக் குழிக்குள் கப்பல் நுழைவதை ஜன்னலில்லாத கேபினிலிருந்து விட்டுவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. பட்ஜெட் தாங்குகிறது, எடுங்கள். ஆனால் 'கேரண்டி கேபின்' என்ற மலிவு வகையைத் தவிர்த்துவிடுங்கள். எந்த இடம் என்பதை நிறுவனமே முடிவு செய்யும்.

கரைச் செலவின் 600-ஐ எல்லா ஊருக்கும் சமமாகப் பங்கு போட வேண்டாம். 'ரோம்' என்று விற்கப்படும் துறைமுகம் சிவிட்டாவெக்கியா, நகரத்திலிருந்து 70 கிலோமீட்டருக்கு மேல். முந்தைய நாளே ரோம் சேர்ந்து தங்கி, காலையில் ரயிலில் போனால் சுமார் ஒரு மணி நேரம். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது, அதனால் அந்த ஹோட்டல் இரவில் கை வைக்காதீர்கள். நேப்பிள்ஸிலிருந்து, எரிமலையில் புதைந்த பழைய நகரமான பாம்பேய்க்கு உள்ளூர் ரயில் போதும். பழங்கால நகரமான எஃபேசஸ் குஷாதாசியிலிருந்து 20 கிலோமீட்டர்தான். கப்பலின் சொந்தச் சுற்றுலாவுக்குக் காசு கொடுக்க ஏற்ற இடம் சாண்டோரினி. அங்கே பெரிய கப்பல் கரையை ஒட்டாது; படகில் இறங்கி, சுமார் 600 படியோ கேபிள் காரோதான். கப்பல் சுற்றுலாக்காரர்களைப் பெரும்பாலும் தீவின் இன்னொரு துறையான அதினியோஸில் இறக்கிப் பேருந்தில் ஏற்றிவிடுவார்கள், ஏறும் வரிசை மிச்சம். காற்று பலமானால் சாண்டோரினியைக் கப்பல் தாண்டிவிடும். நிறுவனம் துறைமுக வரியைத் திருப்பித் தரலாம், அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது. அங்கே நீங்களாகப் புக் செய்வது எதுவானாலும் இலவச ரத்து உள்ளதாக இருக்கட்டும்.

இன்சூரன்ஸை முன்பணம் கட்டும் அன்றே எடுங்கள், ரத்துக்கான பாதுகாப்பு அன்றிலிருந்தே தொடங்கும்படி. விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பு கேட்பார்கள். நடுக்கடலிலிருந்து ஹெலிகாப்டரில் ஆளை இறக்க வேண்டிய நிலை வந்தால் அது போதாது. க்ரூஸ் பயணம் என்று வெளிப்படையாக எழுதப்பட்ட, கூடுதல் வரம்புள்ள பாலிசியாகப் பாருங்கள். ரத்த அழுத்தத்தையும் மாத்திரைப் பெயரையும் படிவத்தில் கட்டாயம் எழுதுங்கள். பிரீமியம் கொஞ்சம் ஏறும். மறைத்தால் நெஞ்சுவலிக்கான கிளெய்ம் முழுவதையும் நிராகரிக்க அது ஒன்றே போதும். கப்பல் மருத்துவமனைக் கட்டணம் நேராகக் கேபின் பில்லில் ஏறும், நீங்கள் கட்டிவிட்டுத்தான் கிளெய்ம் செய்ய வேண்டும். ஆகவே பில்லும் மருத்துவர் குறிப்பும் கையில் வாங்காமல் இறங்காதீர்கள்.

ஜூலை வரையான கணக்கு இதோ: கப்பல் 2,600, விமானம் 1,800, விசாவும் இன்சூரன்ஸும் 440, ஆக 4,840 வெளியே போயிருக்கும். அப்போது சேர்ந்திருப்பது 6,800, கையில் 1,960. அக்டோபருக்குள் இன்னும் 720 சேரும். மீதிச் செலவு, கைகாவலையும் சேர்த்து, 2,240. இடையில் ஒன்றிரண்டு மாதம் 240 ஒதுக்க முடியாமல் போனால், முதலில் வெட்ட வேண்டியது வைஃபையும் கரைச் சுற்றுலாவில் ஒன்றும். இன்சூரன்ஸையும் ரோம் இரவையும் தொடாதீர்கள்.